மின்சார ஆய்வு அபராதத்துக்கு மட்டும்தானா?

நம் கடைகளுக்கு ஆய்வு என்ற பெயரில் வந்து போகிறவர்களின் வரிசை நீளமானது. தராசுக்கும் எடைக்கற்களுக்கும் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வருவார். உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து ஒருவர் வந்து மிளகாய்த்தூளில் மாதிரி எடுத்துப் போவார். தொழில் உரிமம் புதுப்பிக்கப்பட்டதா என்று மாநகராட்சியிலிருந்து கேட்பார்கள். மின்வாரியத்திலிருந்தும் வருகிறார்கள். வருகிறவர் மீட்டரின் சீலைப் பார்க்கிறார். வீட்டு இணைப்பில் கடை ஓடுகிறதா என்று பார்க்கிறார். அனுமதித்த அளவுக்கு மேல் மின்பளு இருக்கிறதா என்று பார்க்கிறார். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சுவரோரமாக முப்பது நாற்பது வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் வயர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் அவர் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பது அவருடைய வேலையாகவும் வைக்கப்படவில்லை.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடை வைத்திருக்கும் வணிகப் பெருமக்கள் இதைச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். காசு வசூலிக்கும் ஆய்வு நம் வாசலுக்கு வருகிறது. உயிரையும் சரக்கையும் காக்கும் ஆய்வு வருவதில்லை. அது தானாக வரும் என்று காத்திருப்பதில் பயனும் இல்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் நம் கடைகளின் நிலைமை. ஒரு தலைமுறைக்கு முன் ஒரு மளிகைக் கடைக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டது? மூன்று நான்கு டியூப் லைட், இரண்டு பேன், சாமி படத்துக்கு ஒரு சீரியல் பல்பு. அவ்வளவுதான். இன்று அதே கடையில், அதே வயரில், குளிர்பானப் பெட்டி ஒன்று, ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர் இறக்கிவைத்துவிட்டுப் போன டீப் பிரீசர் ஒன்று, பில் போடும் கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக் தராசு, கண்காணிப்புக் கேமரா, பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி, இன்வெர்ட்டர், எல்.இ.டி. பெயர்ப்பலகை எல்லாம் ஓடுகின்றன. பின்கட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர்கள் கிரைண்டர் போட்டிருக்கிறார்கள். சிலர் ஏ.சி.யும் வைத்துவிட்டார்கள். டீப் பிரீசர் விஷயம் தனியாகக் கவனிக்கத்தக்கது. நாம் காசு கொடுத்து வாங்கியிருந்தால் கொஞ்சமாவது யோசித்திருப்போம். இலவசமாக வருவதால், கொண்டுவந்தவர் ‘பிளக் எங்கே’ என்று கேட்கிறார், நாம் கையைக் காட்டுகிறோம், அன்று முதல் அது இரவும் பகலும் ஓடுகிறது.

கணக்கு எளிது. நாம் பெறும் மின்சாரம் 230 வோல்ட். 5 ஆம்பியர் பிளக்கில் அதிகபட்சம் 1,150 வாட் போகலாம். ஒரு குதிரைத்திறன் கிரைண்டர் மோட்டார் 746 வாட். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றே 1,150 வாட்டைத் தாண்டிவிடக்கூடும். ஒரு பிளக்கில் இருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டு, அந்தப் பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டி போட்டு மூன்று சாமான்களை ஓட்டுகிற கடையில், சுவருக்குள் இருக்கும் வயர் எவ்வளவு தாங்கும் என்று யார் கணக்குப் பார்த்தார்கள்?

இதோடு நம் பகுதிக்கென்று ஒரு சங்கடம் உண்டு. கடற்காற்று. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இரும்பு ஷட்டர் எத்தனை வருடம் உழைக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஷட்டரைத் தின்னும் அதே உப்புக் காற்று மெயின் போர்டுக்குள்ளும் போகிறது. செம்புக் கம்பி திருகாணியில் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. பழைய கட்டடங்கள் பலவற்றில் அலுமினிய வயர் இருக்கிறது; அலுமினியத்தை ஒரு முறை இறுக்கினால் போதாது, நாளடைவில் திருகாணிக்கடியில் தளர்ந்துவிடும் குணம் அதற்கு உண்டு. களிம்பு பிடித்த இடத்திலும் தளர்ந்த இடத்திலும் மின்சாரம் சிரமப்பட்டுப் போகிறது. சிரமப்படும் இடம் சூடாகிறது. சூட்டில் மேலும் தளர்கிறது.

இதில் பலர் அறியாத விஷயம் ஒன்று உண்டு. இப்படிச் சூடாகும் இடத்தைப் பியூஸ் காட்டிக்கொடுக்காது. பியூஸ் என்பது அளவுக்கு மீறிய மின்சாரம் போனால்தான் அறுந்துபோகும். தளர்ந்த இணைப்பில் போவது வழக்கமான மின்சாரமே. ஆகவே பியூஸ் அறாமல், விளக்கு அணையாமல், கடைக்காரர் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே பலகைக்குப் பின்னால் கருகல் ஆரம்பித்துவிடும். டெல்லி உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13-ஆம் தேதி 59 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். அன்று காலையில்தான் அங்கிருந்த டிரான்ஸ்பார்மரில் கோளாறு ஏற்பட்டுச் சரிசெய்யப்பட்டது. கேபிளின் முனையை அதற்குரிய கருவியால் அழுத்திப் பொருத்தாமல் சுத்தியல் கொண்டு வேலையை முடித்துவிட்டார்கள் என்று வழக்கில் வெளிவந்தது. மாலையில் அந்த இணைப்பு தளர்ந்து பொறி பறந்தது. தியேட்டரானாலும் மளிகைக் கடையானாலும் தளர்ந்த இணைப்பு செய்வது ஒன்றுதான்.

நம் கடையில் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய் டின், கற்பூரம், தீப்பெட்டி, பிளாஸ்டிக் கவர் எல்லாம் ஓரடிக்குள் இருக்கின்றன. மேல்மாடியில் ஒரு குடும்பம் வாழ்கிறது. பக்கத்துக் கடைக்கும் நமக்கும் ஒரே சுவர்.

சட்டம் சொல்வது என்ன?

அங்கத்தினர்கள் சிலர், ‘கார்ப்பரேஷன் லைசென்ஸ் வாங்கியிருக்கிறோம், எல்லாம் அதிலேயே அடக்கம்’ என்று நினைக்கிறார்கள். அடக்கமில்லை. மாநகராட்சியின் தொழில் உரிமம் அந்த இடத்தில் அந்தத் தொழிலை நடத்தலாம் என்பதற்கான சீட்டு. 1919-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டத்தில், மோட்டார் வைத்து மாவு மில் போன்றவை நடத்த இயந்திரம் நிறுவும் அனுமதி தனியாகவே வைக்கப்பட்டிருந்தது. 2011-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் சென்னையோடு சேர்ந்தபோது அங்குள்ள வணிகர்களும் இதே ஏற்பாட்டுக்குள் வந்தார்கள். 2023 முதல் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் விதிகளும் நடைமுறையில் உள்ளன. சட்டம் மாறினாலும் ஒன்று மாறவில்லை. வயரிங் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கான சான்று இந்த உரிமங்களில் எதுவும் இல்லை. அது வேறு வழியில் வரவேண்டிய காகிதம்.

அந்த வழி இது. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-ஆம் விதி என்று ஒன்று இருந்தது. பல்பு, பேன், பியூஸ், சுவிட்ச் போன்றவற்றைப் பழையதை எடுத்துவிட்டு அதே மாதிரி புதியது மாட்டுவது தவிர, மற்ற எந்த மின் வேலையையும் அரசு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்யலாம். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரில் பார்க்க, அனுமதிச் சீட்டு பெற்ற வயர்மேன் செய்ய வேண்டும் என்று அது கூறியது. அந்த விதிகளுக்குப் பதிலாக மத்திய மின்சார ஆணையம் 2010-லும், பிறகு 2023-லும் புதிய பாதுகாப்பு ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. இந்த ஏற்பாடு அவற்றிலும் தொடர்கிறது. தமிழ்நாட்டில் இந்த உரிமங்களை வழங்குவது மின் உரிம வாரியம், கிண்டியில் இருக்கிறது. ஆக, தெருமுனை டீக்கடையில் நிற்கும் தெரிந்த பையனைக் கூப்பிட்டு, ‘ஒரு லைன் இழுத்துக் கொடுப்பா’ என்று நாம் செய்துகொள்ளும் வேலை பெரும்பாலும் விதிக்குப் புறம்பானது. அந்தப் பையன் கெட்டிக்காரனாகவே இருக்கலாம். நாம் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களில் பலர் வயர்மேன் உதவியாளர் தகுதித் தேர்வு எழுதிச் சான்று வாங்கிவிட்டால் பிழைப்புக்கும் நல்லது. ஆனால் நாளை ஒன்று நேர்ந்தால் கையெழுத்துப் போட்ட ஆள் என்று சட்டத்தின் முன் நிறுத்த யாரும் இருக்க மாட்டார்கள்.

ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத இடைவெளியில் ஒவ்வொரு நுகர்வோரின் மின் அமைப்பும் சோதிக்கப்பட வேண்டும் என்றும் 1956 விதிகளிலேயே இருந்தது. இது எத்தனை மளிகைக் கடைகளில் நடந்தது என்று மூத்த வணிகர்களைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். இப்போதைய ஒழுங்குமுறைகளில் போக்கு வேறு திசையில் போய்விட்டது. குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கு உட்பட்ட அமைப்புகளை உரிமையாளரே சோதிக்கச் செய்து, தானே சான்றளித்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு வந்துவிட்டது. மின் ஆய்வுத் துறையின் கவனம் உயரழுத்த இணைப்புகள், பெரிய கட்டடங்கள் ஆகியவற்றில் இருக்கிறது. நம் பத்தடிக் கடைக்கு அவர்கள் வரப்போவதில்லை. தானாக வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை என்று மேலே சொன்னது இதனால்தான்.

‘அப்படியானால் நல்லதாயிற்று, ஒரு தொல்லை குறைந்தது’ என்று நினைக்கிற நண்பர்களுக்கு ஒரு பழைய செய்தி. மின்விளக்கு புதிதாக வந்த காலத்தில், வயரிங் எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகளை லண்டனில் முதன்முதலில் எழுதியவர்களில் ஒரு தீக்காப்பீட்டுக் கம்பெனியும் உண்டு. பீனிக்ஸ் என்ற அந்தக் கம்பெனி 1882-லேயே விதிகளை வெளியிட்டது. வயரிங் சரியில்லாமல் கிடங்கு எரிந்தால் பணம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். சட்டம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இந்த விதிகள் அதிகாரிகள் நம்மைத் துன்புறுத்த எழுதியவை அல்ல. சரக்கு வைத்திருந்தவர்களின் பயத்தில் பிறந்தவை.

வாடகைக் கடைக்காரர் என்ன செய்வது?

இங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது. நம்மில் பலர் வாடகைக் கடைக்காரர்கள். கல்மண்டபம் பக்கத்திலோ திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலோ பழைய கட்டடம் ஒன்றில் வரிசையாக ஐந்து கடைகள் இருக்கும். ஒரே ஒரு மின் இணைப்பு, அதுவும் வீட்டுக்காரரின் தகப்பனார் பெயரில் இருக்கும். உள்ளே சப்-மீட்டர் போட்டு ஐந்து கடைக்கும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்ததுதான் விலை. வயரிங்கை மாற்றித் தாருங்கள் என்று கேட்டால், ‘உனக்குத்தானே பிரீசர், நீயே மாற்றிக்கொள்’ என்பார். நாமே மாற்றிக்கொள்கிறோம் என்றால், ‘சுவரை உடைக்காதே’ என்பார். கூடுதல் பளுவுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னால், கடைக்காரர் நிரந்தரமாக உட்கார்ந்துவிடுவாரோ என்று பயந்து கையெழுத்துப் போட மாட்டார். இந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும் வணிகர், இருக்கிற வயரிலேயே ஓட்டிவிட்டுப் போவோம் என்று இருந்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் சட்டத்தில் அவருக்கு இருக்கும் வழிகளை அவர் அறிந்திருக்க வேண்டும்.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, கட்டடத்தின் உரிமையாளர் மட்டுமல்ல, அதில் குடியிருப்பவரோ அனுபவிப்பவரோ விண்ணப்பித்தாலும் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பின்படி வாடகைதாரர் உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்தை வைக்க வேண்டும். உரிமையாளர் ஊரில் இல்லை, அல்லது கொடுக்க மறுக்கிறார் என்றால், சட்டப்படி அந்த இடத்தில் இருக்கிறோம் என்பதற்கான ஆதாரத்தையும் ஈட்டுறுதிப் பத்திரத்தையும் கொடுத்து, வைப்புத்தொகையை இரு மடங்காகக் கட்டி இணைப்புப் பெற வழி செய்யப்பட்டிருக்கிறது. இரு மடங்கு என்பது பாரம்தான். ஆனாலும் வீட்டுக்காரரின் தயவில் நிற்பதைவிடத் தன் பெயரில் தனி மீட்டர் இருப்பது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம். 2017-ல் இயற்றப்பட்டது. இதன் அட்டவணையில் எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கட்டடத்தின் உள்வயரிங், வெளிவயரிங் இரண்டும் உரிமையாளர் பொறுப்பில் வருகின்றன. சுவிட்ச், பிளக் போன்ற சில்லறை ரிப்பேர் வாடகைதாரருடையது. தகராறு வந்தால் மின்சாரத்தை வெட்டிவிடுவேன் என்று உரிமையாளர் மிரட்ட முடியாது. அத்தியாவசிய வசதிகளைத் தடுப்பதைச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பை உறுதியோடு கேட்க வேண்டுமானால் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் முப்பது வருடம் ஓட்டியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, மாத வாடகையில் நூறு இருநூறு குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதற்குப் பதிலாக, ‘வயரிங் உரிமையாளர் பொறுப்பு, கூடுதல் பளுவுக்கு ஒப்புதல் தருவார்’ என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். கோயில் கடைகளிலும் மாநகராட்சிக் கடைகளிலும் இருப்பவர்களின் நிலை வேறு. அங்கே எழுத்து மூலம் மனுக் கொடுத்து நகல் வைத்துக்கொள்வதுதான் முதல் படி.

சொந்தமாகச் சிறிய கட்டடம் கட்டிக் கடை வைப்பவர்களுக்கு ஒரு நிம்மதியையும் சொல்லிவிடுகிறோம். கட்டட முடிவுச் சான்று இல்லாமல் மின் இணைப்புக் கிடைக்காமல் பலர் அலைந்தார்கள். 2024-ல் அரசு, 14 மீட்டர் உயரத்துக்கும் 300 சதுர மீட்டர் பரப்புக்கும் மிகாத வணிகக் கட்டடங்களுக்கு அந்தச் சான்றிலிருந்து விலக்கு அளித்தது. நல்ல காரியம். ஆனால் அந்தச் சான்றுக்கும் வயரிங் சோதனைக்கும் சம்பந்தமில்லை. ஒன்றில் விலக்கு வந்ததால் மற்றதும் தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

வணிகர் ஒருவர் தன் மெயின் போர்டு சூடாவதைக் காண்கிறார். பிரிவு அலுவலகத்துக்குப் போய்ச் சொல்ல நினைக்கிறார். போவதில்லை. ஏன்? சொன்னால் வருகிறவர் சூட்டைப் பார்ப்பாரோ, பளுவைக் கணக்கெடுத்து நோட்டீஸ் கொடுப்பாரோ என்ற பயம். இந்தப் பயம் வீணானதும் அல்ல. மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதி மீறிய உபயோகத்துக்கு இரு மடங்கு கட்டணம் மதிப்பிடலாம். எப்போது முதல் மீறல் என்று தெரியாவிட்டால் முந்தைய பன்னிரண்டு மாதத்துக்கும் போடலாம். மேல்முறையீடு செய்யப் பாதித் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். அதற்கும் முப்பது நாள் கெடு. சிறிய கடைக்காரருக்கு இது ஒரு தீபாவளி வியாபாரத்தின் லாபம் முழுவதும்.

மீறலுக்கு அபராதமே கூடாது என்று நாம் வாதாடவில்லை. வீட்டு இணைப்பில் கடை நடத்துகிறவர், முறையாக வணிகக் கட்டணம் கட்டும் பக்கத்துக் கடைக்காரருக்கும் அநியாயம் செய்கிறார். நாம் சொல்வது, பாதுகாப்பையும் வசூலையும் ஒரே ஆளிடம், ஒரே வருகையில் கட்டிவைத்தால் பாதுகாப்புத்தான் தோற்கும் என்பது. ஆபத்து என்று தானாக முன்வந்து சொல்பவரிடம் அந்த வருகையை வைத்து அபராதம் போடக் கூடாது. கூடுதல் பளுவைத் தானாக அறிவிப்பவர்களுக்குக் குறிப்பிட்ட காலம் கொடுத்து, உரிய கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. பஞ்சாபில் 2022-ல் பாசன மோட்டார்களின் கூடுதல் குதிரைத்திறனைத் தாமாக அறிவித்த உழவர்களுக்கு, ஒரு குதிரைத்திறனுக்கு 4,750 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2,500 ரூபாயாகக் குறைத்துக் கால அவகாசம் கொடுத்தார்கள். அங்கே உழவருக்குச் செய்ததை இங்கே சிறு வணிகருக்குச் செய்ய என்ன தடை?

உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்களின் பெயர்ப்பட்டியலை ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் தமிழில் எழுதி ஒட்டலாம். இதற்குப் பெரிய செலவில்லை. பட்டியல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இடைத்தரகர் நாற்காலி போட்டு உட்காருகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

மின்வாரியம், இன்றைய பெயரில் மின் பகிர்மானக் கழகம், தன் பங்கையும் பார்க்க வேண்டும். இந்தப் பகுதி மாநிலத்துக்கே மின்சாரம் கொடுத்த பகுதி. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்படும் வரை அதன் சாம்பல் நம் கூரைமேல்தான் விழுந்தது. 1994 முதல் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையம் ஓடுகிறது. அப்படிப்பட்ட பகுதியில், 2017 நவம்பர் 1-ஆம் தேதி கொடுங்கையூரில் மழைநேரத்தில் தெருவில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர் பகுதி வெள்ளத்திலும், அதோடு வந்த எண்ணெயிலும் மூழ்கியதை நாம் பார்த்தோம். தண்ணீரில் நின்ற மீட்டர் பெட்டியும் மெயின் போர்டும் காய்ந்த பிறகு பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே சேறும் உப்பும் தங்கியிருக்கும். அந்தக் கடைகளையும் தெருப் பெட்டிகளையும் வரிசையாகச் சோதித்திருக்க வேண்டும். ‘கரண்ட் வந்துவிட்டதா, வந்துவிட்டது’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. தெருவில் பெட்டி திறந்து கிடந்தாலோ வயர் தொங்கினாலோ மின்னகம் 94987 94987 எண்ணில் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அசைவில்லை என்றால் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

இனி நாம் செய்ய வேண்டியது. ஒரு வரிசையில் உள்ள கடைக்காரர்கள் சேர்ந்து, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் ஒருவரை ஒரே நாளில் அழைத்தால் தனித்தனியாக அழைப்பதைவிடச் செலவு குறையும். அவருடைய உரிமத்தை வாங்கிப் பாருங்கள். காலாவதி தேதியைக் கவனியுங்கள். நம் பகுதிக்கு மழைக்காலம் தொடங்கும் முன் செய்வது நல்லது. மெக்கர் வைத்து 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் சோதிக்கச் சொல்லுங்கள். குறைந்தது ஒரு மெகாஓம் இன்சுலேஷன் இருக்க வேண்டும் என்பது ஒழுங்குமுறையில் உள்ள அளவு. எர்த் குழி உண்மையில் இருக்கிறதா, அல்லது நியூட்ரலையே எர்த்தில் கட்டி ஒப்பேற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பின்னது பிரீசரின் உடம்பையே கரண்ட் ஆக்கிவிடும். தொடுகிறவர் பெரும்பாலும் நம் கடைப்பையன் அல்லது ஐஸ்கிரீம் வாங்க வந்த குழந்தை. எம்.சி.பி. மாட்டியிருக்கிறோமே என்று சிலர் சொல்வார்கள். எம்.சி.பி. அதிகப் பளுவுக்கும் ஷார்ட் ஆவதற்கும் விழும். ஆளைத் தாக்கும் கசிவுக்கு அது விழாது. அதற்கு ஆர்.சி.டி. வேண்டும், 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் வகை. தமிழ்நாட்டில் புதிய இணைப்புகளுக்கு இது இப்போது கட்டாயம். பழைய இணைப்பு வைத்திருப்பவர்கள் தாமாக மாட்டிக்கொள்ளலாம். பியூஸ் கேரியரில் வயரைச் சீவி நான்கு இழை முறுக்கிப் போடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பெயர்ப்பலகையையும் சோதனையில் சேருங்கள். 2023 ஏப்ரலில் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தின் உச்சியில் தீப்பிடித்தது பெயர்ப்பலகையில்தான்.

சோதனை முடிந்ததும் கையெழுத்தும் உரிம எண்ணும் உள்ள அறிக்கையை வாங்குங்கள். வேலைக்குப் பில் வாங்குங்கள். அறிக்கையில் குறை எழுதியிருந்தால் அதைச் சரிசெய்த பில்லையும் சேர்த்துக் குத்திவையுங்கள். இவற்றின் நகல் கடைக்கு வெளியே, வீட்டில் இருக்கட்டும். கடையோடு எரிந்துபோகும் காகிதத்தால் பயனில்லை.

இந்தக் காகிதம் எங்கே பேசும் என்றால், காப்பீட்டுக் கம்பெனியில். சாதாரண தீக்காப்பீட்டுப் பாலிசியில், ஷார்ட் சர்க்யூட்டினாலோ கசிவினாலோ கெட்டுப்போன அந்த மின்சாதனத்துக்கு மட்டும் நஷ்ட ஈடு கிடையாது. ஆனால் அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த மற்றச் சரக்குக்கு உண்டு. பலர் முதல் பாதியை மட்டும் கேள்விப்பட்டு, ‘கரண்ட்டால் எரிந்தால் கிடைக்காதாம்’ என்று பாலிசியே எடுப்பதில்லை. அது தவறு. 2021 ஏப்ரல் முதல், ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்புக்கு உட்பட்ட சிறு தொழில்களுக்கும் கடைகளுக்கும் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற ஒரே மாதிரியான பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் கொடுக்கின்றன. பெரிய நஷ்டத்துக்கு சர்வேயர் வருவார். வயரிங்கை யார் செய்தது, எப்போது சோதித்தது, அனுமதித்த பளு எவ்வளவு என்று அவர் கேட்கும்போது, ‘தெரிந்த பையன்’ என்ற பதிலுக்கும் உரிம எண்ணோடு கூடிய அறிக்கைக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத் தெரியும். பாலிசியில் எழுதிய இடமும் சரக்கு வைத்திருக்கும் இடமும் ஒன்றா, பின்கட்டுக் கிடங்கு அதில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் இப்போதே எடுத்துப் பாருங்கள்.

கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிக்கும்போது இப்போது இருக்கும் சாமான்களை மட்டும் எழுதாதீர்கள். அடுத்த கோடைக்கு ஒரு பிரீசர் வரப்போகிறது என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். விண்ணப்பத்துக்கு ரசீது வாங்குங்கள். வாய்மொழியாக ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்று யார் சொன்னாலும் அது ரசீது ஆகாது.